நட்சத்திரத்துக்குப் பேர் வைக்கலாமா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

குழந்தைக்கு முதல் பிறந்தநாள். பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம். அல்லது மறைந்த அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமாக ஏதாவது செய்யலாமே என்று ஃபோனில் தேடுகிறீர்கள். உடனே ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது: "உங்கள் அன்புக்குரியவரின் பெயரை ஒரு நட்சத்திரத்துக்குச் சூட்டுங்கள்!" கருநீல வானம், தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ், கீழே "இப்போதே வாங்குங்கள்" என்ற பட்டன். யுபிஐயில் நாலு தட்டு தட்டினால் வேலை முடிந்தது.

கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பெயர் உண்மையிலேயே அந்த நட்சத்திரத்துக்குப் போய்ச் சேருகிறதா? நாம் கட்டும் பணம் யாருக்குப் போகிறது?

இதே மாதிரி இன்னொரு அழைப்பும் ஃபோனில் வரலாம். சில நாடுகளில் கோளரங்கங்களும் வானியல் ஆய்வு அமைப்புகளும் "ஒரு நட்சத்திரத்தைத் தத்தெடுங்கள்" என்று மக்களிடம் நன்கொடை கேட்கின்றன. அங்கேயும் சான்றிதழ் உண்டு, உங்கள் பெயர் உண்டு, ஒரு நட்சத்திரமும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று வியாபாரம், இன்னொன்று நன்கொடை. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருக்கு?

நட்சத்திரங்களுக்கும் கோள்களுக்கும் பெயர் சூட்டும் அமைப்பாக உலக வானியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். அது பன்னாட்டு வானியல் ஒன்றியம். 1919-ல் தொடங்கப்பட்டது. இந்த ஒன்றியம் காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் பெயர் வைப்பதில்லை. நட்சத்திரப் பெயர்களை விற்கும் எந்த நிறுவனத்தோடும் தனக்குத் தொடர்பு இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

நட்சத்திரப் பெயர்களை ஒழுங்குபடுத்துவதற்காக 2016-ல் இந்த ஒன்றியம் ஒரு தனிக் குழு அமைத்தது. பல நாடுகளில் காலம் காலமாக வழங்கிவரும் பெயர்களை ஆராய்ந்து, எது எந்த நட்சத்திரத்துக்கு என்று முடிவு செய்வது அந்தக் குழுவின் வேலை. அந்த ஆண்டு முடிவதற்குள் 227 பெயர்கள் ஏற்கப்பட்டன. இன்று அந்தப் பட்டியல் 400-ஐத் தாண்டிவிட்டது.

வானத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சின்ன எண் தெரியுமா? நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்களே முழு வானத்திலும் சேர்த்து ஏறக்குறைய 9,000 இருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2022-ல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 180 கோடி விண்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நட்சத்திரங்கள். இத்தனைக்கும் பெயர் வைத்து மாளாது. அதனால்தான் வானியலாளர்கள் எண்களைப் பயன்படுத்துகிறார்கள். நம்முடைய ஆதார் எண் மாதிரி, "எச்டி 86081" என்று சொன்னால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் வானியலாளரும் ஒரே நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார்.

அப்ப, விற்கிறவங்க எதை விற்கிறாங்க?

சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் விற்பது ஒரு சான்றிதழும் அவர்களுடைய சொந்தப் பட்டியலில் ஒரு வரியும்தான்.

அந்தப் பட்டியலை வானியலாளர்கள் யாரும் பயன்படுத்துவதில்லை. நிறுவனம் தன் பட்டியலைப் புத்தகமாக அச்சிட்டாலும், கணினியில் பதிந்து வைத்தாலும், நட்சத்திரத்தின் பெயர் மாறிவிடாது. இன்னொரு நிறுவனம் அதே நட்சத்திரத்தை வேறொருவருக்கு விற்றால் தடுக்க வழியில்லை. ஒரே நிலத்தை இரண்டு பேருக்குப் பத்திரம் போட்டால் பதிவுத் துறையில் தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வானத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் வாங்க முடியாதே!

இன்னொரு விஷயம். இப்படி விற்கப்படும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் மிக மங்கலானவை. பளிச்சென்று தெரிபவற்றுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஆகவே வாங்கியவர் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் அந்த நட்சத்திரம் தெரியாது. தொலைநோக்கி வேண்டும்.

"சும்மா ஒரு பரிசுதானே, இதில் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்கலாம். விளையாட்டுக்கு வாங்கினால் பெரிய பாதகமில்லை. ஆனால் எல்லோரும் விளையாட்டுக்கு வாங்குவதில்லை. வெளிநாடுகளில் வான்நோக்கு நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு சங்கடம் உண்டு. இறந்துபோன பிள்ளையின் பெயரில் நட்சத்திரம் வாங்கிய பெற்றோர், கையில் சான்றிதழோடு வந்து, "எங்க பிள்ளையோட நட்சத்திரத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் மனது உடையும். சொல்லாவிட்டால் பொய்க்குத் துணை போனதாகும். துக்கத்தில் இருப்பவர்களிடம் "அதிகாரப்பூர்வமானது" என்று சொல்லிப் பணம் வாங்கியதால் வந்த வினை இது.

அமெரிக்காவில் 1998-லேயே இது பிரச்சினையானது. நட்சத்திரப் பெயர் விற்றுவந்த ஒரு நிறுவனத்தின் விளம்பரம் மக்களைத் தவறாக நம்பவைக்கிறது என்று நியூயார்க் நகர நுகர்வோர் துறை நடவடிக்கை எடுத்தது. சான்றிதழ் விற்பதில் தவறில்லை. அதற்கு அறிவியல் உலகில் அங்கீகாரம் இருக்கிறது என்பதுபோல் காட்டுவதுதான் தவறு.

தத்தெடுப்பு என்றால் என்ன?

இது நமக்குப் புதிதல்ல. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. நீங்கள் ஒரு புலியைத் தத்தெடுத்தால் அது உங்கள் புலி ஆகிவிடாது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அதன் உணவுக்கும் பராமரிப்புக்கும் நீங்கள் பணம் தருகிறீர்கள், பூங்கா உங்களுக்கு நன்றி சொல்கிறது. அவ்வளவுதான். இதில் யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருக்கிறது.

நட்சத்திரத் தத்தெடுப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும். நட்சத்திரம் ஓர் அடையாளம் மட்டுமே. பணம் போய்ச் சேர்வது ஒரு கோளரங்கத்துக்கோ ஆய்வுப் பணிக்கோ. அதற்கு நன்றியாக உங்கள் பெயர் அவர்கள் பதிவேட்டில் ஏறும். சான்றிதழும், அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடமும் தருவார்கள். நட்சத்திரத்தின் எண் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் லாப நோக்கமில்லாமல் நடக்கும் ஒரு திட்டம். வொயிட் ட்வார்ஃப் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு 2008-ல் இதைத் தொடங்கியது. அப்போது நாசா, வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதற்காக கெப்ளர் விண்கலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட அந்த விண்கலம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் கண்காணித்தது. கெப்ளர் பார்க்கப்போகும் நட்சத்திரங்களில் ஒன்றை 10 டாலருக்குத் தத்தெடுக்கலாம் என்று அந்த அமைப்பு அறிவித்தது. சான்றிதழ் மின்னஞ்சலில் வரும்.

அந்தப் பணம் எதற்குப் போனது? நட்சத்திரங்கள் மிக நுட்பமாக அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வால் அவற்றின் ஒளி துளித் துளியாகக் கூடிக் குறையும். மணியை அடித்தால் வரும் ஓசையை வைத்தே அது சின்ன மணியா பெரிய மணியா என்று சொல்லிவிடலாம், இல்லையா? அதுபோல இந்த அதிர்வை அளந்தால் நட்சத்திரத்தின் பருமனையும் வயதையும் கணிக்க முடியும். நட்சத்திரத்தின் பருமன் தெரிந்தால்தான் அதைச் சுற்றும் கோளின் பருமன் தெரியும். மக்கள் கொடுத்த சிறு சிறு தொகைகள் இந்த ஆய்வுக்கு உதவின. இங்கே தத்தெடுத்தவருக்கு "என் பணம் அந்த வகை நட்சத்திரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவியது" என்று சொல்லிக்கொள்ள முடியும். அது பொய்யில்லாத பெருமை.

கோளரங்கத்துக்கு ஏன் நம் பணம்?

"அரசு நடத்துது, டிக்கெட் விற்கிறாங்க, அப்புறம் எதுக்கு நன்கொடை?" என்று தோன்றலாம். கோளரங்கம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும்.

குவிமாடத்தின் உட்புறத்தில் இரவு வானத்தை ஒளியால் வரைந்து காட்டும் கருவியை ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் உருவாக்கியது. வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் என்ற பொறியாளர் தலைமையில் செய்த அந்தக் கருவி, 1923 அக்டோபரில் மியூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. நடுவில் ஒரு விளக்கு, சுற்றிலும் நுண்துளைகளும் வில்லைகளும். அதன் வழியாகச் சுமார் 4,500 நட்சத்திரங்கள் குவிமாடத்தில் தெரிந்தன. ஒரு நாள் முழுக்க வானம் சுழல்வதைச் சில நிமிடங்களில் காட்ட முடிந்தது.

அந்தக் கருவியின் வாரிசுகள் இன்று உலகமெங்கும் உள்ளன. கொல்கத்தாவில் 1962-லும், மும்பையில் 1977-லும், டெல்லியில் 1984-லும், ஹைதராபாத்தில் 1985-லும் கோளரங்கங்கள் வந்தன. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கம் 1988-ல் திறக்கப்பட்டது. திருச்சியில் புதுக்கோட்டை சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையத்திலும் கோளரங்கம் இருக்கிறது.

கட்டடம் கட்டுவது ஒருமுறைச் செலவு. அதை நடத்துவதுதான் தொடர் செலவு. ஒளிவீழ்த்தியின் விளக்குகள் மங்கும், மாற்ற வேண்டும். கணினிகள் பழசாகும். குவிமாடத்தைக் குளிரூட்ட வேண்டும், தூசு படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய காட்சிப் படங்களை வாங்க வேண்டும், அவற்றுக்குத் தமிழ்க் குரல் சேர்க்க வேண்டும். விளக்கம் சொல்ல ஆட்கள் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணம் என்னும்போது டிக்கெட் பணத்தால் மட்டும் இதையெல்லாம் சமாளிப்பது எந்தக் கோளரங்கத்துக்கும் சுலபமல்ல.

இதில் நம் பிள்ளைகளின் பங்கு என்ன? நகரத்தில் வளரும் குழந்தைக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நட்சத்திரம் தெரிகிறது. முழு இருட்டு வானம் எப்படி இருக்கும் என்பதை அந்தக் குழந்தை முதன்முதலாகப் பார்க்கும் இடம் பெரும்பாலும் கோளரங்கம்தான். விளக்கு அணைந்ததும் அத்தனை பிள்ளைகளும் "ஓ...!" என்று ஒரே குரலில் சொல்வார்களே, அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தப் பணம்.

அதனால்தான் வெளிநாடுகளில் சில கோளரங்கங்கள் நட்சத்திரத் தத்தெடுப்பு, இருக்கைக்குப் பெயர்ப்பலகை, உறுப்பினர் அட்டை போன்ற வழிகளில் பொதுமக்களின் உதவியைக் கேட்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னி வான்நோக்கு நிலையம் ஒரு காலத்தில் தன் சொந்தப் பட்டியலில் நட்சத்திரங்களுக்குப் பெயர் பதிந்து தந்தது. தொகை அந்த நிலையத்தின் பணிகளுக்கே போனது. அது அதிகாரப்பூர்வப் பெயரல்ல என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. செயல் ஒன்றுதான். ஆனால் உண்மையைச் சொல்லிச் செய்யும்போது அது வேறாகிவிடுகிறது.

பணம் கட்டும் முன் ஏழு கேள்விகள்

நட்சத்திரத் தத்தெடுப்பு என்று உங்களுக்கு எந்த லிங்க் வந்தாலும் இந்த ஏழையும் சரிபாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

1. யார் நடத்துகிறார்கள்? கோளரங்கமா, வான்நோக்கு நிலையமா, பதிவு பெற்ற அறக்கட்டளையா, தனியார் கடையா? "எங்களைப் பற்றி" பக்கத்தில் முகவரியும் பதிவு விவரமும் இருக்க வேண்டும்.

2. "அதிகாரப்பூர்வப் பெயர்" என்று சொல்கிறார்களா? சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்மையான திட்டம் "இது அடையாளத்துக்காக மட்டுமே" என்று தெளிவாக எழுதியிருக்கும். அந்த வரியைக் கடைசியில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கைதான்.

3. நட்சத்திரத்தின் உண்மையான எண்ணைத் தருகிறார்களா? எச்டி எண், ஹிப்பார்கஸ் எண் போன்ற வானியலாளர்கள் பயன்படுத்தும் எண் இருந்தால் நீங்களே ஓர் ஆப்பில் தேடிப் பார்க்கலாம். நிறுவனத்தின் சொந்த எண் மட்டும் இருந்தால் பார்க்க முடியாது.

4. பணம் எதற்குப் போகிறது? "தொலைநோக்கி வாங்க", "பள்ளி மாணவர்களுக்கு இலவசக் காட்சி" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். "வானியலை வளர்க்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது.

5. யுபிஐயில் யார் பெயர் வருகிறது? க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும், பின் நம்பர் போடுவதற்கு முன், பெறுபவர் பெயர் திரையில் தெரியும். கோளரங்கத்துக்கு என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி பின் நம்பரைப் போடச் சொன்னாலும் போடாதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

6. ரசீது உண்டா? நன்கொடை என்றால் நிறுவனத்தின் பெயரில் ரசீது வர வேண்டும். வருமான வரிச் சலுகை உண்டு என்று சொன்னால் அதற்கான சான்றிதழ் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

7. அவசரப்படுத்துகிறார்களா? "இன்று மட்டும்", "இன்னும் மூன்று நட்சத்திரங்களே பாக்கி" என்றெல்லாம் வந்தால் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள். வானத்தில் ஸ்டாக் தீர்ந்துபோவதில்லை.

ஏமாந்துவிட்டால் எங்கே புகார் செய்வது?

தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியிருந்தால் நீங்கள் ஒரு நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குத் துணை நிற்கிறது. ஆன்லைன் விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு இணைய விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

அங்கே பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தமிழிலும் பேசலாம். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே வழக்கு தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

போலி க்யூஆர் கோடு, போலி இணையதளம் என்று பணம் பறிபோனது தெரிந்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய விவரம், வந்த குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

காசு கொடுக்காமல் வானத்துக்குப் போன பெயர்கள்

உண்மையான பெயர்கள் வானத்துக்கு எப்படிப் போகின்றன என்பதையும் தெரிந்துகொள்வோம். அங்கே காசுக்கு இடமே இல்லை.

2019-ல் தன் நூற்றாண்டையொட்டிப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் ஒதுக்கி, மக்களே பெயர் சொல்லலாம் என்றது. இந்தியாவுக்குக் கிடைத்தது சுமார் 340 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் எச்டி 86081. சூரத்தில் படித்த ஒரு கல்லூரி மாணவர் "பிபா" என்ற பெயரைச் சொன்னார். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இந்தியப் பெண் இயற்பியலாளர் பிபா சௌதுரியின் நினைவாக. அதன் கோளுக்கு "சந்தமசா" என்ற பெயரைச் சொன்னவர் புனேயைச் சேர்ந்த 13 வயதுப் பள்ளி மாணவர். அந்தக் கோள் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் தன் சூரியனைச் சுற்றி முடித்துவிடுகிறது. அந்தப் பள்ளி மாணவர் வைத்த பெயர்தான் இன்று உலகப் பட்டியலில் இருக்கிறது.

சிறுகோள்களுக்கு வேறு வழி. கண்டுபிடித்தவருக்குப் பெயரைப் பரிந்துரைக்கும் உரிமை உண்டு. அரசியல் தலைவர்கள் என்றால் அவர்கள் மறைந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வான்நோக்கு நிலையத்தில் 1988-ல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள். அதன் எண் 4130. ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட 4538 என்ற சிறுகோள், 2015-ல் நம் விஸ்வநாதன் ஆனந்தின் நினைவாக "விஷியானந்த்" ஆனது.

பிள்ளைகளின் பெயர் விண்ணுக்குப் போக வேண்டும் என்று ஆசையா? நாசா அவ்வப்போது மக்களின் பெயர்களை இலவசமாகப் பெற்று விண்கலங்களில் சில்லுகளில் பொறித்து அனுப்புகிறது. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியில் 1 கோடியே 9 லட்சம் பேரின் பெயர்கள் போயின. அடுத்த அழைப்பு வரும்போது நாசாவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். கட்டணம் கேட்டால் அது நாசா இல்லை.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருக்கே!

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் முதலில் கேட்பதே "என்ன நட்சத்திரம்?" என்றுதான். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பெயர்கள் எல்லாம் வானத்தில் நிஜமாகவே இருக்கும் நட்சத்திரங்களின், நட்சத்திரக் கூட்டங்களின் பெயர்கள். திருவாதிரை என்பது ஓரியனில் சிவப்பாக ஒளிரும் பெடல்ஜூஸ். சித்திரை என்பது ஸ்பைகா. சுவாதி என்பது ஆர்க்ட்யூரஸ். கேட்டை என்பது அண்டாரெஸ். மகம் என்பது ரெகுலஸ். கார்த்திகை என்பது நெருக்கமாகத் தெரியும் ஒரு கூட்டம்.

இன்னும் ஒரு சேதி. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நம் நட்சத்திரப் பெயர்களும் ஏறியிருக்கின்றன. ரேவதியும் பரணியும் 2017-லும், ஆயில்யம் அதன் வடமொழி வடிவமான ஆஷ்லேஷா என்ற பெயரில் 2018-லும் ஏற்கப்பட்டன. வீட்டில் யாராவது பரணி நட்சத்திரமாக இருந்தால், உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு பெயர் காசு கொடுக்காமலே அவருக்குக் கிடைத்திருக்கிறது!

அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ஃபோனில் ஸ்டெல்லேரியம், ஸ்கை மேப் போன்ற வான்வரைபட ஆப் ஒன்றை அதிகாரப்பூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். இருப்பிட அனுமதி கொடுங்கள். ஆங்கிலத்தில் நட்சத்திரப் பெயரைத் தேடுங்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் ஃபோனைத் திருப்புங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு எட்டு மணி வாக்கில் பார்த்தால் கார்த்திகையும் ரோகிணியும் உயரத்தில் இருக்கும், திருவாதிரை கிழக்கே எழுந்திருக்கும். விளக்கு வெளிச்சம் குறைவான இடமாகப் பார்த்து நின்று, கண் இருட்டுக்குப் பழகப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். பிறந்தநாள் அன்று குழந்தையைத் தோளில் தூக்கி "அதோ பார், அதுதான் உன் நட்சத்திரம்" என்று காட்டுங்கள். இதற்குச் சான்றிதழ் வேண்டாம்.

சரி, நம்ம ஊரில் எப்படி உதவலாம்?

* போய்ப் பாருங்கள். சென்னையிலும் திருச்சியிலும் தமிழில் காட்சி உண்டு. ஒவ்வொரு டிக்கெட்டும் ஓர் ஆதரவுதான். காட்சி நேரத்தையும் கட்டணத்தையும் கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* ஒரு வகுப்பை அழைத்துப் போங்கள். சான்றிதழுக்குச் செலவழிக்க நினைத்த தொகையில் அருகிலிருக்கும் அரசுப் பள்ளியின் ஒரு வகுப்புக்கு டிக்கெட்டும் பேருந்துச் செலவும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசுங்கள். யாருடைய நினைவாகவோ செய்வதாக இருந்தால், அன்றைய தினம் அந்தப் பெயரை முப்பது பிள்ளைகள் கேட்பார்கள்.

* பள்ளிக்குக் கொடுங்கள். "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் இணையதளத்தில் எந்த அரசுப் பள்ளிக்கு உதவ வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தலாம். அறிவியல் ஆய்வகத்துக்கு, தொலைநோக்கிக்கு என்று பள்ளியோடு பேசி முடிவு செய்யலாம்.

* காவலூருக்குப் போங்கள். ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வான்நோக்கு நிலையத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் தொலைநோக்கி வழியாகவும் பார்க்கலாம். புறப்படும் முன் அன்று அனுமதி உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

* நேரடியாகக் கேளுங்கள். கோளரங்கத்துக்கு நன்கொடை தர விரும்பினால் அலுவலகத்தில் கேட்டு, நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

நட்சத்திரத்தை யாராலும் விற்க முடியாது, யாராலும் வாங்கவும் முடியாது. ஆனால் நட்சத்திரத்தை ஒரு குழந்தைக்குக் காட்ட நம்மால் முடியும். அடுத்த முறை அந்த விளம்பரம் உங்கள் ஃபோனில் வரும்போது இந்தக் கட்டுரையை எடுத்து ஏழு கேள்விகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். துக்கத்திலோ சந்தோஷத்திலோ இருக்கும் உங்கள் உறவினர் யாருக்காவது அந்த லிங்க் வந்திருந்தால், அவர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.